நாற்பத்தொன்பதாவது மணி நேரம்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்குள்ளாகிறவர் யாராக இருந்தாலும், எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்க்காமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. நல்ல திட்டம். அதனால் பிழைத்தவர்கள் என்னைப் போன்ற மறுவாழ்வு மருத்துவர்களிடம் வருகிறார்கள். பக்கவாதத்திலும் இதே முன்னேற்றம்தான். மூளை ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டவரை நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தால் ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போடலாம் என்பது இன்று இந்த மாட வீதிகளில் பலருக்குத் தெரியும். உயிரைப் பிடித்து நிறுத்தும் வித்தையில் இந்த நகரம் நிறையக் கற்றுவிட்டது.

நான் பேச வந்திருப்பது நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தைப் பற்றி.

வார்டிலிருந்து அனுப்பும்போது வழக்கமாக ஒரு வாசகம் சொல்லப்படுகிறது. “ஆபத்து நீங்கியாச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒரு பிசியோவை வச்சுப் பாத்துக்குங்க.” எந்த பிசியோ, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மாதம், எதை அடைவதற்காக என்பதெல்லாம் சொல்லப்படுவதில்லை. லட்சக்கணக்கில் செலவழித்துக் காப்பாற்றிய ஓர் உயிரை இந்த ஒரு வாசகத்தோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறோம். மேற்கு மாம்பலத்தின் மூன்றாம் மாடி வீட்டுக்கு அவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதன்பின் அவர் கீழே இறங்குவதே இல்லை.

மறுவாழ்வு மருத்துவம் என்ற துறை இருப்பதே பலருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். முடித்தபின் எம்.டி. பட்டமாகப் படிக்கும் தனித்துறை இது. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், காலிபரும் செயற்கைக் காலும் செய்பவர், செவிலியர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவே இதில் இயங்குகிறது. இந்த மருத்துவரின் கேள்வி “எந்த உறுப்பு கெட்டிருக்கிறது?” என்பதோடு நிற்காது. “இவர் என்ன செய்து வாழ்ந்துகொண்டிருந்தார், அதில் எதை மீண்டும் செய்ய வைக்கலாம்?” என்று கேட்பதற்குத்தான் அவர் பயிற்சி பெற்றிருக்கிறார்.

இத்துறை போர்களில் உருவானது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு முதுகுத்தண்டு உடைந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் இறந்துபோனார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக்கினார். புது மருந்து எதுவும் அதில் இல்லை. அந்த ஒழுங்கினால் சாக வேண்டியவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை அவர் வில்லெடுத்து அம்பெய்ய வைத்தார். 1948-இல் அங்கே நடந்த சிறு போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆயிற்று.

நமக்கு இதைவிட நெருக்கமான வரலாறு வேலூரில் இருக்கிறது. சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் நடந்த இந்தக் கதையைச் சென்னைக்காரர்கள் பலர் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சிப் பக்கம் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு சென்ற வாகனம் விபத்தில் சிக்கியது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. வயது 28. அந்தக் கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அப்போது வேலூரில் பால் பிராண்ட் வளர்த்துக்கொண்டிருந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த அறுவைகளைச் செய்தார். தன் காலை இழந்தவர் மற்றவர்களுக்குக் கையை மீட்டுக் கொடுத்தார்.

இந்தக் கதையை மன உறுதியின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று முறையான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தன் உடலைத் தானே மாற்றுவது, உடை உடுத்துவது, பிறர் உதவியின்றி ஒரு நாளை நடத்துவது எல்லாம் அங்கே கற்றவை. மன உறுதி அதற்கு முன்பும் அவரிடம் இருந்தது. கற்றுக்கொடுக்கத்தான் இங்கே ஆள் இல்லை. அதை உணர்ந்ததால்தான் நியூயார்க் சென்று, ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் இத்துறையையே படித்து, திரும்பிவந்து 1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்படி ஒன்று அதுவே முதல். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-இல் மறைந்தார்.

சென்னையிலும் இதற்கு வேர் உண்டு. துர்காபாய் தேஷ்முக் தொடங்கிய ஆந்திர மகிளா சபா, இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளுக்காக அறுபதுகளில் அடையாறில் ஓர் எலும்பு மருத்துவ மையத்தை நடத்தத் தொடங்கியது. காலிபர் மாட்டி நடந்த ஒரு தலைமுறையே இந்த ஊரில் படித்து வேலைக்குப் போயிற்று. அந்த நோய் இன்று ஓய்ந்துவிட்டது: 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரசால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. ஆனால் மறுவாழ்வின் தேவை ஓயவில்லை. கோட்டூர்புரத்தில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர் இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது; செயற்கைக் காலும் காலிபரும் செய்யும் பட்டறை அங்கேயே உண்டு. தி. நகரிலிருந்து அரை மணி நேரம். ஆனாலும் தி. நகரிலிருந்து வரும் நோயாளி, விழுந்து ஆறு மாதம் கழித்து, முழங்கை மடங்கி இறுகிய பிறகுதான் வருகிறார்.

இனி, செயல் எப்படித் திரும்புகிறது என்பதற்கு வருகிறேன்.

தெற்கு மாட வீதியில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா பக்கவாதம் வந்து எங்களிடம் சேர்ந்தார். வலப்பக்கம் தளர்ந்திருந்தது. சில வாரங்களில் கோல் ஊன்றி நடந்தார். பார்தெல் அளவுகோல் என்று ஒன்று 1965 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை செல்வது, படியேறுவது என்று பத்துச் செயல்களுக்குச் சேர்த்து நூறு மதிப்பெண். அந்த அம்மாவின் மதிப்பெண் நன்றாக உயர்ந்திருந்தது. “நடை வந்துடுச்சேம்மா, சந்தோஷமா?” என்று கேட்டேன். “நடந்து எங்க போறது டாக்டரு, பூக்கட்ட வரலையே” என்றார்.

அந்தப் பத்தில் பூக்கட்டுவது இல்லை. தரையில் உட்கார்ந்து எழுவதும் இல்லை, குந்தி உட்காருவதும் இல்லை. நாற்காலியில் வாழும் ஊரில் எழுதப்பட்ட அளவுகோல் அது. இங்கே புரோகிதருக்குப் பலகையில் சம்மணமிட வேண்டும். வீணை வாசிப்பவருக்குத் தரையில் அமர வேண்டும். கல்யாணச் சமையல்காரருக்குக் குனிந்து அண்டாவை நகர்த்த வேண்டும். வீடு பெருக்குகிறவருக்குக் குந்தி நகர வேண்டும். மூட்டு மாற்று அறுவை முடிந்து “நல்லா நடக்கறீங்க” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் தொழிலுக்குத் திரும்பினார்கள் என்று நாம் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐ.சி.எஃப். வகைப்பாடு இதைத் தெளிவாகவே சொல்கிறது: உடலின் நிலை ஒன்று, அந்த உடலால் செய்ய முடிகிற செயல் ஒன்று, வாழ்க்கையில் பங்கெடுப்பது ஒன்று. மூன்றாவதை நோயாளிதான் சொல்ல முடியும்.

அந்த அம்மாவின் பயிற்சியை மாற்றினோம். பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்குவதை விட்டுவிட்டு, வாழைநாரை விரலில் சுற்றிப் பிடிப்பது, முதலில் பெரிய சாமந்தி, பிறகு மல்லி மொக்கு என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தொடங்கினார். ஒரு நாளைக்கு நூறு தடவை, இருநூறு தடவை. சேதமடைந்த மூளைப் பகுதி திரும்ப முளைப்பதில்லை. அதன் அக்கம்பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. மீண்டும் மீண்டும் செய்ததை, செய்கிறவருக்குப் பொருளுள்ளதை, மூளை எளிதாகக் கற்கிறது. அவருக்குப் பழைய வேகம் வரவில்லை. ஆனால் முழம் அளந்து கட்டிக் கொடுக்கிறார்.

சாப்பாட்டுக்கும் இதுவே பொருந்தும். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரல் நுனியில் சேர்த்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது கை விழுந்த பிறகுதான் தெரிகிறது. நம் வீடுகளில் இடக்கையால் சாப்பிடச் சங்கடம். வலக்கை சிந்துகிறது. உடனே மனைவியோ மருமகளோ ஊட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அன்புதான். ஆனால் அந்த வலக்கைக்கு ஒரு நாளில் மூன்று வேளை கிடைத்திருக்க வேண்டிய மிகச் சிறந்த பயிற்சி அதோடு போகிறது. முயன்று தோற்று, தோற்றதால் முயற்சியை விட்டு, விட்டதால் இன்னும் தளர்ந்து, அசைய முடிகிற கைகூட அசையாமல் போவதை எட்வர்ட் டாப் என்ற அறிஞர் விளக்கினார். அதற்கு அவர் கண்ட வழி, நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிவிட்டுத் தளர்ந்த கையையே வேலை வாங்குவது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு வாரத் தீவிரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. எல்லோருக்கும் இது ஒத்துவராது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு அசைக்க முடிகிறவர்களுக்கே பயன். ஆனாலும் “மூணு மாசத்துல வந்தா வந்தது, இல்லேன்னா இல்ல” என்று சொல்லி ஒருவரை மூலையில் உட்காரவைக்கக் கூடாது என்பதற்கு இது போதும். முதல் சில மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகு மெதுவாகும், நின்றுவிடாது.

சொல்லித் தராததால் நேரும் கேடுகள் நிறைய. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கிறோம். பிடிமானம் இழந்த தோள்மூட்டு நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கிறது. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அதே கேட்டைத்தான் செய்யும். இடுப்பில் பட்டை கட்டி, முழங்காலை முட்டுக்கொடுத்து எழுப்ப வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் காபி ஊற்றுகிறோம். அது புரையேறி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வருகிறது. உணர்வில்லாத காலுக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்துத் தோலை வேகவைக்கிறோம். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று இன்றும் கொண்டுபோகிறார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. மருத்துவமனை வழிகாட்டாதபோது, வழி சொல்கிற எவர் பின்னாலும் குடும்பம் போகத்தான் செய்யும்.

அப்படியானால் குடும்பத்துக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் எனக்கும் அந்த எண்ணம் பிடித்திருந்தது. இந்தியாவில் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகள் பங்கெடுத்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பிரிவில் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வீட்டில் தொடரச் சொன்னார்கள். மறு பிரிவில் வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்ந்து இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ 47 சதவீதம். வேறுபாடு இல்லை. வீட்டாரின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேர்ந்த குழு செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டு அரசும் மருத்துவமனைகளும் கைகழுவ முடியாது என்பதே பொருள். குடும்பம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான். அவள் முதுகும் உடைகிறது.

அவசரமும் ஆகாது. 2015-இல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வில் ஐந்து நாடுகளின் 2104 நோயாளிகளைச் சேர்த்தார்கள். பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்களைவிட, வழக்கமான வேகத்தில் பயிற்சி பெற்றவர்களே நன்றாகத் தேறினார்கள். எவ்வளவு, எப்போது என்பது மருந்தைப் போலவே இதிலும் அளந்து தர வேண்டியது. கைபேசியில் பார்த்த காணொலியைக் கொண்டு செய்வதற்கில்லை.

உடல் ஒரு பாதிதான். மறுபாதி கதவும் படியும். சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் இரண்டடிக்குச் சற்று மேல். நம் குடியிருப்புகளின் குளியலறைக் கதவு பல இடங்களில் அதற்கு வழிவிடாது. மேலும் அங்கே ஒரு வாசற்படி வேறு. சாய்தளம் அமைக்க ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். லஸ் பக்கத்துப் பழைய வீட்டில் ஒன்றரை அடித் திண்ணை என்றால் பதினெட்டு அடி. இடமில்லாமல் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசிவைக்கிறார்கள்; அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் ஆபத்து. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, கழிப்பறைக் கோப்பையை நாலு அங்குலம் உயர்த்துவது, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் ஐ.சி.யூ. கட்டணத்தைத் தாண்டாது. வீட்டில் இந்தக் கைப்பிடி முதலிலேயே இருந்திருந்தால் இடுப்பெலும்பு உடைந்திருக்காது என்று சொல்லத்தக்க எத்தனையோ பாட்டிகளைப் பார்க்கிறோம்.

தெருவில் சில நல்லவை நடந்திருக்கின்றன. 2019 நவம்பரில் தி. நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. 2022 நவம்பரில் மெரினாவில், மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டு கேட்டதன் பலனாக, மணலின் மீது 263 மீட்டருக்கு நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, சரிசெய்தார்கள். நீதிமன்றம்வரை சென்று போராடிய பிறகு 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. இவற்றை நகர அழகு என்ற கணக்கில் எழுதக் கூடாது. என் நோயாளிகளுக்கு இவை சிகிச்சையின் தொடர்ச்சி.

கருவிகளிலும் நமக்கு அருகிலேயே பெரிய வேலை நடக்கிறது. அடையாறை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம், பயன்படுத்துபவரை நிற்கவைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை 2019-இல் வெளியிட்டது. அங்கிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம், உடலளவு எடுத்துச் செய்யும் ‘நியோஃப்ளை’ நாற்காலியையும், அதோடு பூட்டினால் சாலையில் ஓடும் ‘நியோபோல்ட்’ மின்பொறியையும் 2020-இல் கொண்டுவந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. விழா எடுத்து ஐம்பது பேருக்கு ஒரே அளவு நாற்காலி வழங்குகிறோம். இடுப்பு அகலம் பார்க்காத நாற்காலி படுக்கைப் புண்ணைத் தரும், முதுகைக் கோணலாக்கும். கண்ணாடியைப் பொதுவில் ஒரே பவரில் வாங்கி ஊருக்குக் கொடுப்போமா? கொடையாளர்கள் எண்ணிக்கையைக் குறைத்து, அளவெடுப்பதற்கும் ஓட்டப் பழக்குவதற்கும் சேர்த்துப் பணம் தர வேண்டும் என்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன்.

கிராமத்தில் இதெல்லாம் முடியுமா என்பவர்கள் தென்காசி அருகே ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ராணுவ மருத்துவமனையில் தன்னைத் தேற்றிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இன்று பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வல்லுநர் குழு இருக்கிறது. அரசும் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியைச் சேர்த்தது. சரியான திசை. ஆனால் மாதத்துக்கு ஓரிரு முறை வந்து போவதால் பூக்கட்டும் விரல் திரும்பாது. முதல் மூன்று மாதம் தீவிரப் பயிற்சி வேண்டும். அதற்குப் படுக்கை வேண்டும். பெரும்பாலான தனியார் காப்பீடுகள் அறுவைக்குப் பணம் தருகின்றன, அதன்பின் தேவைப்படும் வாரக்கணக்கான பயிற்சிக்குத் தருவதில்லை. முதல் 48 மணி நேரத்துக்குப் பொறுப்பேற்ற அரசால், அடுத்த 90 நாளுக்கும் பொறுப்பேற்க முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மறுவாழ்வு வார்டு ஒன்று திறப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

உலகில் 241 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை பயன்படக்கூடிய உடல்நிலை இருக்கிறது என்று 2020-இல் லான்செட் இதழில் ஒரு கணக்கீடு வந்தது. மூவரில் ஒருவர். இந்த அவையில் இருக்கும் நம் வீடுகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவர் பக்கவாதத்துக்கோ, விபத்துக்கோ, எலும்பு முறிவுக்கோ மருத்துவமனையில் படுத்திருந்தால், மூன்றாம் நாளே கேளுங்கள்: “இவரை மறுவாழ்வு மருத்துவர் எப்போது பார்ப்பார்?” அங்கே அந்தத் துறை இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அந்த மருத்துவரின் பெயரும் போக வேண்டிய தேதியும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்படாத வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.